அண்ணியின் எடை

பெரிய ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் ஓர் எடைக்கருவி இருந்தது. ஆளுயர இரும்புத் தூண், அதன் தலையில் குறுக்குச் சட்டம், சட்டத்தின் மேல் நகர்த்தும் குண்டு. அதன் முன்னால் நின்றுகொண்டு அண்ணி தன் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். கொண்டை ஊசிகள், கைக்குட்டை, இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து எல்லாம் என்னிடம் வந்தன. கடைசியில் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தையும் எடுத்து நீட்டினார்.

"பூவுக்கு என்ன அண்ணி எடை இருக்கப்போகுது?" என்று கேட்டேன்.

"எறக்கி வைக்கக்கூடியதை எல்லாம் எறக்கி வெச்சுடறேன் பாப்பா. அப்புறம் மிச்சம் இருக்கிறது மட்டும்தானே என் தப்பு," என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அந்தத் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, சீன நர்ஸ் அந்தக் குண்டை வலப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனபோது, அண்ணி கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். அன்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஏனென்றால் டாக்டர் ஆங்கிலேயர். அண்ணிக்குத் தமிழும், மார்க்கெட்டில் கற்றுக்கொண்ட மலாயும்தான் தெரியும்.

மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு அண்ணியின் தொப்புளுக்கு மேலே ஒரு புடைப்பு வந்திருந்தது. முதலில் நெல்லிக்காய் அளவு இருந்தது. பிறகு எலுமிச்சம்பழம் அளவாயிற்று. கனமான பானையைத் தூக்கினால் வலிக்கும். படுத்தால் உள்ளே போய்விடும். வயிற்றுச் சுவர் கிழிந்து குடல் வெளியே வருகிறது, தைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் இந்த எடையில் மயக்கமருந்து கொடுப்பது ஆபத்து. தைத்தாலும் தையல் பிரிந்துவிடும். இளைத்துவிட்டு வரட்டும், அப்போது செய்யலாம். ஒருவேளை அதற்குள் குடல் வெளியே சிக்கிக்கொண்டால் உடனே ஓடிவர வேண்டும், தாமதித்தால் உயிர் போய்விடும். இவ்வளவையும் அவர் கையை விரித்து, சுருக்கி, மேசையைத் தட்டிச் சொன்னார். நான் அண்ணியிடம், "கொஞ்சம் இளைச்சுட்டு வரச் சொல்றாரு," என்றேன்.

"கொஞ்சமா? கையை அவ்வளவு அகலம் விரிச்சாரே," என்றார் அண்ணி.

ஐம்பதுகளின் நடுவில் அண்ணன் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் இந்தத் தீவுக்கு அழைத்து வந்தபோது அண்ணி கொடிபோல இருந்தார் என்று சொன்னால் அது பொய். அப்போதும் பூசினாற்போன்ற உடம்புதான். என்னைவிட எட்டொன்பது வயதுதான் மூத்தவர். எங்களுக்கு அம்மா அப்பா இல்லை. அண்ணன் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. தன் வேலை உண்டு, தன் வெற்றிலை உண்டு என்று இருக்கும் மனிதர். தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில், இரண்டு அறைகளில் எங்கள் குடித்தனம். நான் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கட்டும் என்று உறவினர்கள் சொன்னபோது, வந்து சில மாதங்களே ஆன அண்ணிதான் அண்ணனிடம், "அது படிக்கட்டும். வீட்டு வேலைக்கு நான் இருக்கேன்ல," என்று சொன்னவர். டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்துவிட்டதும் அவர்தான். எனக்குச் சோறு போட்டவர் என்று அவரைச் சொல்வது எளிது. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்றை அவர் எனக்குக் கொடுத்தார்: மாலையில் களைத்து வரும்போது, இன்றைக்கு ஆபீசில் என்ன நடந்தது என்று கேட்க ஓர் ஆள்.

துறைமுகத்தில் வேலைபார்த்த தனி ஆட்களுக்கு அண்ணி மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுத்துவந்தார். விடியும்போதே அடுப்பு எரியும். ஒரு பெரிய அலுமினியப் பானையில் சோறு, இன்னொன்றில் மீன் குழம்பு, பொரியல், ரசம். கேரியர்களை அடுக்கிக்கொண்டு ஓர் ஆள் மூன்று சக்கர சைக்கிளில் எடுத்துப்போவார். சமைக்கிறவள் ருசி பார்க்காமல் இருக்க முடியாது. பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீசவும் மனம் வராது. நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பார். ஆனால் அந்த மாடியைவிட்டுக் கீழே இறங்குவது மார்க்கெட்டுக்கு மட்டும்தான். ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் ஊர் வழக்கப்படி நெய்யும் நல்லெண்ணெயும் கொடுத்து உடம்பைத் தேற்றினார்கள். தேறிய உடம்பு தேறியபடியே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அண்ணி பட்டினியைத் தொடங்கினார். காலையில் பால் இல்லாத காப்பி. மத்தியானம் பப்பாளித் துண்டுகள். சாயங்காலம் ஒரு டம்ளர் பார்லித் தண்ணீர். அவ்வளவுதான். எதிரில் மீன் பொரிந்துகொண்டிருக்கும், அவர் அதைத் திருப்பிப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நிற்பார். சில வாரங்களில் முகம் வற்றியது. ரவிக்கை தளர்ந்தது. கோவிலில் பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுக்காகவே அவர் பார்லித் தண்ணீரையும் பாதியாகக் குறைத்தார் என்று நினைக்கிறேன். இரவில் தூக்கம் இல்லை. தலை சீவினால் முடி கொத்தாக வந்தது. எதற்கும் கோபப்படாதவர் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தார். பிறகு அழுதார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் அவரும் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். திருக்கைத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து, விலை கேட்டு, அப்படியே சரிந்து ஈரத்தரையில் விழுந்தார். மீன்கடைச் சீனரின் மனைவி ஓடிவந்து தூக்கினாள். ஸ்டூலில் உட்காரவைத்து, பக்கத்துக் கடையிலிருந்து சீனி நிறையப் போட்ட கோப்பி வாங்கிவந்து, "மினும், மினும்," என்று வாயில் வைத்தாள். அண்ணி தலையை ஆட்டி மறுத்தார். அந்தப் பெண் விடவில்லை. குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல் தாடையைப் பிடித்துக்கொண்டு குடிக்கவைத்தாள்.

அந்தக் கோப்பியோடு கட்டு உடைந்தது. அன்றைக்கு மத்தியானம் அண்ணி சமையலறையில் நின்றபடி, சுவரைப் பார்த்துக்கொண்டு, யாரோ பிடுங்கிக்கொள்ள வருகிறார்கள் என்பதுபோல் சாப்பிட்டார். அடுத்த நாளும் அப்படித்தான். போன எடை எல்லாம் திரும்பி வந்தது. வரும்போது கொஞ்சம் கூடவும் அழைத்து வந்தது. பாராட்டியவர்கள் இப்போது பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். "எனக்கு வாயைக் கட்டத் தெரியல பாப்பா. நான் அவ்வளவுதான்," என்றார். இந்த வாக்கியத்தைப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் அவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். முதன்முதலில் கேட்டது அப்போதுதான்.

சிராங்கூன் ரோட்டில் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் கிளினிக் வைத்திருந்தார். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அவரிடம்தான் போவோம். சின்னவனுக்கு இருமல் மருந்து வாங்கப் போன இடத்தில் நான் அண்ணியின் கதையைச் சொல்லிவிட்டேன். அண்ணி என் தொடையைக் கிள்ளினார். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"பட்டினி கிடக்காதேங்கோ பிள்ளை. பட்டினி போட்டால் உடம்பு பயந்துபோகும், பிறகு கிடைக்கிறதை எல்லாம் பிடிச்சு வைக்கும்," என்றார். "மூண்டு நேரமும் வடிவாச் சாப்பிடுங்கோ. சோத்தைப் பாதியாக் குறையுங்கோ, கீரையும் மீனும் பருப்பும் கூட்டுங்கோ. பொரிக்கிறதைக் குறையுங்கோ. விடிய எழும்பி நடவுங்கோ. எடை குறையுதோ இல்லையோ, நடக்கிறதை மட்டும் விட்டுடாதேங்கோ. நெஞ்சுக்கும் மூச்சுக்கும் அது வேணும்."

"எடை குறையலைன்னா எதுக்கும்மா நடக்கணும்?" என்று அண்ணி கேட்டார்.

"நடந்து பாருங்கோ, தெரியும்," என்றார் டாக்டரம்மா.

அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் காரியம் எதுவும் இல்லாமல் தெருவில் நடப்பது என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. கோவிலுக்கு நடக்கலாம், மார்க்கெட்டுக்கு நடக்கலாம், ஆஸ்பத்திரிக்கு நடக்கலாம். சும்மா நடக்கக்கூடாது. கனத்த உடம்போடு நடந்தால் கேட்கவே வேண்டாம். துணைக்கு நானும் வருகிறேன் என்றேன். முதல்நாள் விடியற்காலையில், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன், இருவரும் இறங்கினோம். ரேஸ்கோர்ஸ் ரோடு வழியாக ஃபேரர் பார்க் திடலுக்குப் போய், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவது என்று திட்டம். பால்காரர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். கடைகளின் முன்நடையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த வாலிபர்களில் ஒருவன், "டேய், ரோலர் வருதுடா. ரோடு போடப்போறாங்க," என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நான் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நின்றுவிட்டார். திரும்பி அவனைப் பார்த்தார்.

"ஆமா தம்பி, இந்த ரோடு நல்லா இல்ல. நாளைக்கும் வருவேன்," என்றார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. ஆனால் திடலுக்குப் போய்ச் சேர்ந்ததும், ஒரு மரத்தின் பின்னால் நின்று அண்ணி தேம்பித் தேம்பி அழுதார். மூச்சு வேறு வாங்கியது. "வேணாம் பாப்பா. நாளையிலேர்ந்து வேணாம். ஆப்பரேஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். திரும்பும்போது அந்தத் தெருவைத் தவிர்த்து வேறு வழியாக வந்தோம்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிப்படி உச்சியில் தயாராக நின்றார். "என்ன அண்ணி, வேணாம்னீங்க?" என்றேன். "நாளைக்கும் வருவேன்னு அவன்கிட்ட சொல்லிட்டேனே," என்றார்.

இப்படித்தான் அது தொடங்கியது. சில வாரங்களில் கீழே ஜவுளிக்கடைக்காரரின் மனைவி, நாங்கள் அக்கா என்ற பொருளில் லாத்தா என்று கூப்பிடுபவர், கதவைத் திறந்துகொண்டு வந்தார். கீழக்கரைக்காரர். வெள்ளைத் துப்பட்டியால் தலையோடு போர்த்தியிருந்தார். "என்னம்மா, தினம் விடியக்காலையில எங்கே போறீங்க ரெண்டு பேரும்? எனக்கும் முட்டி வலிக்குது, நானும் வரேன்," என்றார். மூன்று பேர் ஆனதும் எங்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் குறைந்தார்கள். அல்லது எங்கள் பேச்சுச் சுவாரசியத்தில் அது எங்கள் காதில் விழவில்லை.

வீட்டுச் சாப்பாடும் மாறியது. தனக்கு மட்டும் தனியாகச் சமைத்துக்கொள்வதை அண்ணி நிறுத்திவிட்டார். அவர் சாப்பிட்டதைத்தான் எல்லாரும் சாப்பிட்டோம். கங்கோங் கீரை, பயற்றங்காய், தவ்வு என்கிற சோயாக்கட்டி, அவித்த மீன். சோறு ஒரு மூலையில் இருக்கும். "என்ன இது, சோத்தைத் தேட வேண்டியிருக்கு," என்று அண்ணன் ஒருநாள் சொன்னார். "தேடினா கிடைக்கும்லா," என்றார் அண்ணி. அண்ணன் கீரையை ஒதுக்கித் தேடிச் சாப்பிட்டார். துறைமுகத்து ஆட்களின் கேரியரிலும் கீரை கூடியது. ஓரிருவர் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

எடை குறைந்தது, ஆனால் அண்ணி எதிர்பார்த்ததுபோல இல்லை. முதலில் கொஞ்சம் இறங்கியது. பிறகு மாதக்கணக்கில் அசையாமல் நின்றது. டாக்டரம்மாவின் கிளினிக்கில் இருந்த எடைக்கருவியில் ஏறி இறங்கும் நாளெல்லாம் அண்ணியின் முகம் சுண்டிவிடும். அதிகம் பேசாத அண்ணன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "எடை நிக்குதுன்னா நிக்கட்டும். நீ நிக்கலையே." திருமணமான இத்தனை ஆண்டுகளில் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான் என்று அண்ணி பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒரு வரன் வந்தது. கோலாலம்பூரில் வசதியான குடும்பம். பெண் பார்க்க வந்தார்கள். அண்ணி கேசரித் தட்டோடு வந்து நின்றார். பையனின் அம்மா அண்ணியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம், எல்லாருக்கும் கேட்கும்படியே, "பொண்ணும் பின்னாடி இப்படித்தான் ஆயிடுமோ என்னவோ. ஒரே வீட்டுச் சாப்பாடுதானே," என்றார். அண்ணி எல்லாருக்கும் கேசரி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பெண் பிடித்திருக்கிறது, வேலையை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை நடக்கும்போது லாத்தா வரவில்லை. பாதித் திடலைச் சுற்றியிருப்போம்.

"எனக்கு இந்த இடம் வேணாம் அண்ணி," என்றேன்.

அவர் நடையை நிறுத்தவில்லை. "என்னாலயா?"

"உங்களாலதான். உங்களைப் பத்தி அப்படிப் பேசுற வீட்ல எனக்கு என்ன வேலை இருக்கு?"

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு கேட்டார்: "அவங்க அப்படிப் பேசலைன்னா சரின்னு சொல்லியிருப்பியா? உண்மையைச் சொல்லு."

யோசித்தேன். "இல்ல. எனக்கு ஆபீசுக்குப் போகணும்."

"அப்படிச் சொல்லு. என்னைக் காரணம் காட்டாதே. உனக்கு வேணாம்னா வேணாம், அதுக்கு யார் உடம்பும் தேவையில்ல. உங்கண்ணன்கிட்ட நான் பேசுறேன்," என்றார்.

பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. வரன் நின்றது. என் வேலை நிற்கவில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து, என் கூட வேலைபார்த்த ஒருவரை எனக்குப் பிடித்திருக்கிறது என்று நான் முதலில் சொன்னதும் அதே திடலில்தான், அதே விடியலில்தான். வீட்டுக்குள் நான்கு சுவருக்கு நடுவே சொல்ல முடியாத எத்தனையோ விஷயங்களைப் பக்கத்தில் நடந்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட முடிந்தது. உடற்பயிற்சி என்று டாக்டரம்மா சொன்னதில் இதுவும் சேர்த்தியா என்று தெரியாது. எனக்கு அதில் கிடைத்த பெரிய மருந்து இதுதான்.

டாக்டர் கேட்ட எடைக்கு அண்ணி வந்து சேரவே இல்லை. அதற்குள் அவர் பயமுறுத்திய நாள் வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், கேரியர்கள் எல்லாம் போன பிறகு, காலிப்பானையைத் தேய்க்கக் குனிந்த அண்ணிக்கு வயிற்றில் சுரீர் என்றது. புடைப்பு உள்ளே போகவில்லை. கல்லாக இறுகிவிட்டது. வாந்தி வேறு. லாத்தா சத்தம் கேட்டு மேலே ஓடிவந்திருக்கிறார். தன் கணவரைக் கடையை மூடச் சொல்லி, டாக்ஸி பிடித்து, மாடிப்படியில் அண்ணியைத் தாங்கிப் பிடித்து இறக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். எனக்கு ஆபீசுக்குப் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். லாத்தா துப்பட்டியின் நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு, உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தார். அண்ணன் துறைமுகத்து அழுக்குச் சட்டையோடு வந்து சுவரில் சாய்ந்து நின்றார்.

இந்த எடையில் மயக்கமருந்து ஆபத்து என்ற அந்த வார்த்தையே என் காதில் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணனிடம் அதை நான் மறுபடி சொல்லவில்லை. அவருக்கும் தெரியும். மத்தியானம் போய்ச் சாயங்காலம் ஆயிற்று. வராந்தாவில் வெயில் சாய்ந்தது. கடைசியில் அதே ஆங்கிலேய டாக்டர் வெளியே வந்தார். நான் எழுந்து நின்றேன்.

குடலில் கெட்டுப்போன பகுதி இல்லை, நேரத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள், தைத்தாகிவிட்டது என்றார். பிறகு, நான் சொன்ன அளவுக்கு இவர் இளைக்கவில்லை என்றார். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டுச் சொன்னார்: ஆனால் மயக்கத்தில் இருந்த நேரம் முழுவதும் இதயமும் மூச்சும் கொஞ்சமும் தடுமாறவில்லை, இந்த உடம்பில் நான் இதை எதிர்பார்க்கவில்லை, என்ன செய்துகொண்டிருந்தார்?

"நடந்தார்," என்றேன்.

மறுநாள் அண்ணி கண்விழித்து, ஒரு வாய்த் தண்ணீர் குடித்த பிறகு அதை மொழிபெயர்த்தேன். "உங்க நெஞ்சு ஓட்டக்காரி நெஞ்சு மாதிரி இருக்காம் அண்ணி." டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, நான் சேர்த்துக்கொண்டது. அண்ணி காய்ந்த உதட்டோடு, "ரோலருக்கா?" என்றார். சிரித்தால் தையல் வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். அண்ணி அதன் பிறகும் நடந்தார். தேக்காவை விட்டு எழுபதுகளில் பிடோக் அடுக்குமாடி வீட்டுக்கு மாறிய பிறகு கடற்கரையோரம் நடந்தார். அண்ணன் இறந்த பிறகும் நடந்தார். ஆனால் எடை ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அதே கீரை, அதே அவித்த மீன், அதே பாதிச் சோறு, இருந்தாலும் வந்தது. கல்யாண வீடுகளில் யாராவது, "ஒரு காலத்துல நல்லா இளைச்சிருந்தீங்க, ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்பார்கள். அவர் விடவில்லை என்று எனக்குத் தெரியும். அவரோ, "எனக்கு வாயைக் கட்டத் தெரியலம்மா," என்று சொல்லிவிடுவார். அவர் அதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை, நம்பினார். எவ்வளவோ தைரியசாலியான ஒரு பெண் இந்த ஓர் இடத்தில் மட்டும் தன்னைக் குற்றவாளியாக வைத்துக்கொண்டிருந்தார்.

பல ஆண்டுகள் கழித்து, நாங்கள் இருவரும் நரைத்துப்போன பிறகு, எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மூத்தோருக்காக ஓர் உரை. உணவியல் நிபுணர் ஒருவர், இளம்பெண், தமிழில் பேசினாள். முழங்கால் வலிக்கு ஏதாவது சொல்வாள் என்று போய் உட்கார்ந்தேன். ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பட்டினி போட்டு வேகமாக இளைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும், பிறகு எடை திரும்புவது எளிது என்றாள். இந்த உணவுமுறைதான் உயர்ந்தது என்று எதுவும் இல்லை, ஒருவரால் விடாமல் கடைப்பிடிக்க முடிவதே அவருக்கு நல்லது என்றாள். நடையால் மட்டும் எடை பெரிதாகக் குறையாது, ஆனால் எடை குறையாவிட்டாலும் நடக்கிறவரின் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது நல்லது என்றாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்து டாக்டரம்மாவின் குரல் காதில் கேட்டது.

அதன் பிறகு அவள் ஒன்று சொன்னாள். இளைத்த உடம்பு தன் பழைய எடையை மறப்பதில்லை. பசியைத் தூண்டும் ஹார்மோன்களைக் கூட்டுகிறது, வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹார்மோன்களைக் குறைக்கிறது, செலவழிக்கும் சக்தியையும் சுருக்கிக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில்கூட அப்படிச் செய்கிறது. ஆகவே எடை திரும்பி வந்தால் அது மனக்கட்டுப்பாடு இல்லாததால் என்று யாரையும் பழிக்காதீர்கள் என்றாள். அவள் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. உரை முடிவதற்குள் எழுந்து, பஸ் பிடித்து, அண்ணி வீட்டுக்குப் போனேன்.

அண்ணி அப்போது மூத்த மகளோடு இருந்தார். வயது எண்பதைத் தொட்டிருந்தது. சர்க்கரை கிடையாது. காலையில் கீழே இறங்கி அடுக்குமாடிப் புளோக்கை ஒரு சுற்றுச் சுற்றாமல் காப்பி குடிக்கமாட்டார். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் உட்கார்ந்து, கேட்டதை எல்லாம் சொன்னேன். எடைபார்த்த அன்று டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் குறைத்து மொழிபெயர்த்தேன். தமிழில் கேட்ட இதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"உடம்புதான் திருப்பிக் கேட்குமாம் அண்ணி. வாயைக் கட்டத் தெரியாததால இல்லையாம்."

அவர் என்னையே பார்த்தார். "யாரு சொன்னா?"

"ஆராய்ச்சி பண்ணவங்க. நிறைய பேரை வெச்சுப் பார்த்திருக்காங்க."

"எல்லாருக்குமா அப்படி?"

"இளைச்சவங்க நிறைய பேருக்கு."

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து போகலாமா என்று நினைத்தபோது, "அப்ப அது நான் இல்ல," என்றார். கேள்வியாகவா சொன்னார், பதிலாகவா என்று எனக்குத் தெரியவில்லை. "நீங்க இல்ல அண்ணி," என்றேன்.

அவர் போய்ச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. நான் இன்னும் காலையில் கடற்கரையோரம் நடக்கிறேன். இப்போது யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. எல்லா இனத்துப் பெண்களும், எல்லா உடம்போடும், கையை வீசிக்கொண்டு நடக்கிறார்கள். என் வயதில் இவ்வளவு தூரம் நடப்பது நல்லது என்று பாலிகிளினிக் டாக்டர் சொல்லும்போதெல்லாம், இந்தக் கால்களை இந்தப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவரை நினைத்துக்கொள்கிறேன். நான் அவருக்குத் துணையாகப் போனேன் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

அந்த உரையைக் கேட்டுவிட்டுப் போன அன்றைக்கு, அவர் மகள் எங்கள் இருவருக்கும் சாப்பாடு போட்டாள். பிறர் பார்க்க இரண்டாம் முறை சோறு வாங்கும்போது அண்ணி எப்போதும் ஏதாவது ஒரு காரணம் சொல்வார்: காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, மாத்திரை போட வேண்டும், மீன் குழம்பு நன்றாக இருக்கிறது. கேட்காதவர்களிடமும் சொல்வார். அன்று ரசத்துக்குத் தட்டை மகள் பக்கம் நகர்த்தி, "கொஞ்சம் சோறு வை," என்றார். மகள் வைத்தாள். அண்ணி வேறு எதுவும் சொல்லாமல், அவசரப்படாமல், ருசித்துச் சாப்பிட்டு முடித்தார்.